முதலாமவருக்குப் பிறகு: மார்சியா எல்லா-டங்கனும் ஆஸ்திரேலிய வலைப்பந்தாட்டமும்



நினைவுச் சொற்பொழிவு மேடைகளில் நாம் பெரும்பாலும் நிலம், இலக்கியம், இட ஒதுக்கீடு, வன்கொடுமை ஆகியவற்றைப் பற்றித்தான் பேசுகிறோம். விளையாட்டு அரிதாகவே வருகிறது. வந்தாலும் பல்வங்கர் பாலுவோடு தொடங்கி அவரோடே முடிந்துவிடுகிறது. இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது நம்மில் பலர் பெயரளவில்கூடக் கேள்விப்படாத ஒரு பெண்ணின் வாழ்க்கை. பெயர் மார்சியா எல்லா-டங்கன். ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பெண். 1986, 1987 ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவின் தேசிய வலைப்பந்தாட்ட அணிக்காக 18 சர்வதேசப் போட்டிகளில் ஆடியவர். அந்த அணியில் இடம்பெற்ற முதல் பூர்வகுடிப் பெண் அவர்தான்.

‘முதல்’ என்ற இந்தச் சொல்லைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். நம் இயக்கத்துக்கும் இது பழகிய சொல். முதல் பட்டதாரி, முதல் நீதிபதி, முதல் துணைவேந்தர் என்று பட்டியல் போடுகிறோம். போட வேண்டியதுதான். மறைக்கப்பட்டவர்களை மீட்பதற்கு அந்தப் பட்டியல் தேவை. ஆனால் முதலாமவரைக் கொண்டாடிய கையோடு நாம் கேட்க மறந்துவிடும் ஒரு கேள்வி உண்டு: இரண்டாமவர் எப்போது வந்தார்? மூன்றாமவர் வர எத்தனை ஆண்டுகள் ஆயின? மார்சியாவின் வரலாற்றைப் படிக்கும்போது அந்த இடைவெளிதான் என்னை நிறுத்தியது. அதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

வலைப்பந்து என்ற விளையாட்டு

விளையாட்டைப் பற்றி முதலில் சில வார்த்தைகள். 1891இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். சில ஆண்டுகளில் அது இங்கிலாந்தின் பெண்கள் உடற்பயிற்சிக் கல்லூரிக்குப் போனது. நீண்ட பாவாடை அணிந்த பெண்கள் ஆடுவதற்கு ஏற்ப அங்கே அது மாற்றப்பட்டது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக்கூடாது, பந்தோடு நடக்கக்கூடாது, எதிராளியைத் தொடக்கூடாது என்றெல்லாம் விதிகள் வந்தன. 1901இல் விதிகள் அச்சாயின. பிரிட்டிஷ் பேரரசின் பள்ளிகள் வழியாக ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜமைக்கா, இலங்கை என்று பரவியது. நாடுகளுக்கிடையே பொது விதிகள் வகுக்கவும் சர்வதேச அமைப்பு தொடங்கவும் 1960இல் கூட்டம் நடந்தது கொழும்பில். அதே இலங்கையின் அணிக்காக உலகக் கோப்பைகளில் ஆடி உலகம் அறிந்த கோல் ஆட்டக்காரரானவர் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம். ஈழத்து நண்பர்களுக்கு எனவே இந்த விளையாட்டை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

ஓர் அணிக்கு ஏழு பேர். வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கும், பின்பலகை கிடையாது. பந்து கைக்கு வந்தால் மூன்று விநாடிக்குள் எறிந்துவிட வேண்டும். ஒவ்வொருவரின் உடையிலும் அவருடைய இடத்தைக் குறிக்கும் எழுத்து இருக்கும். அந்த எழுத்துக்கு எந்தப் பகுதி உரியதோ அதற்குள்தான் அவர் நிற்கலாம், ஓடலாம். கோட்டைத் தாண்டினால் நடுவர் ஊதிவிடுவார். ஊரும் சேரியும் பிரிந்த நாட்டிலிருந்து வந்த நமக்கு இந்த விதி விசித்திரமாகப் படாது. ஒரே ஒரு வேறுபாடு உண்டு. மைதானத்தில் அந்த எழுத்தை ஆட்டம் முடிந்ததும் கழற்றிவிடலாம்.

செலவு குறைந்த விளையாட்டு இது. ஒரு பந்து, இரண்டு கம்பங்கள், சமதளமான ஒரு தரை இருந்தால் போதும். ஆஸ்திரேலியாவில் பெண்கள் மிக அதிகமாக ஆடும் அணி விளையாட்டும் இதுதான். 1963இல் நடந்த முதல் உலகப் போட்டியிலேயே ஆஸ்திரேலியா வென்றது. அப்படிப்பட்ட நாட்டின் தேசிய அணியில் அந்த மண்ணின் பூர்வகுடிப் பெண் ஒருவர் இடம்பெற 1986 வரை ஆனது ஏன்?

அனுமதிச் சீட்டோடு விளையாடியவர்கள்

திறமை இல்லாததால் என்று யாரும் சொல்ல முடியாது. இங்கிலாந்துக்குச் சுற்றுப்பயணம் போன முதல் ஆஸ்திரேலியக் கிரிக்கெட் அணி பூர்வகுடிகளின் அணி. ஆண்டு 1868. 47 ஆட்டங்கள் ஆடி 14இல் வென்று, 14இல் தோற்று, 19ஐச் சமன் செய்தார்கள். அந்தப் பயணத்தின் மறு ஆண்டே, 1869இல், விக்டோரியா மாகாணம் பூர்வகுடிகள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பூர்வகுடியினர் எங்கே வசிக்கலாம், யாரிடம் வேலை செய்யலாம் என்பதையெல்லாம் அரசு வாரியமே முடிவு செய்யும் நிலை வந்தது. அந்த வகையில் இன்னொரு பயணம் நெடுங்காலம் நடக்கவில்லை.

குயின்ஸ்லாந்தைச் சேர்ந்த எடி கில்பர்ட் 1931இல் டான் பிராட்மனை ஒரு ரன்கூட எடுக்கவிடாமல் வெளியேற்றிய வேகப்பந்து வீச்சாளர். அவர் வாழ்ந்தது பராம்பா என்ற அரசுக் குடியிருப்பில். ஊரை விட்டு வெளியே போய் ஆட வேண்டுமென்றால் அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். நாட்டின் மிகப் பெரிய மட்டையாளரை வீழ்த்திய கைக்கு, ரயில் ஏறச் சொந்தமாக முடிவெடுக்கும் உரிமை இல்லை.

ஆண்களுக்கு இந்த நிலை என்றால் பெண்களுக்கு? நியூ சவுத் வேல்ஸில் 1883இல் பூர்வகுடிகள் பாதுகாப்பு வாரியம் அமைக்கப்பட்டது. 1909இல் சட்டம் வந்தது. 1915இல் அது திருத்தப்பட்டபோது, நீதிமன்றத்துக்குப் போகாமலே பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கும் அதிகாரம் வாரியத்துக்குக் கிடைத்தது. பிரிக்கப்பட்ட பெண் குழந்தைகள் பலர் கூட்டமண்ட்ரா என்ற ஊரில் இருந்த பயிற்சி இல்லத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே அவர்களுக்கு அளிக்கப்பட்ட பயிற்சி வீட்டு வேலை. துடைக்க, துவைக்க, சமைக்கக் கற்றுக்கொடுத்து, பதின்ம வயதில் வெள்ளையர் வீடுகளுக்கு வேலைக்காரிகளாக அனுப்பினார்கள். அந்த இல்லம் 1960களின் இறுதிவரை இயங்கியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு பெண் விளையாட்டு வீராங்கனையாவது பத்து வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடையில். பள்ளி அணி, ஊர் அணி, மாகாண அணி என்று ஏறிப் போகும் வயது அதுதான். பூர்வகுடிச் சிறுமிகளிடமிருந்து அரசு எடுத்துக்கொண்டதும் சரியாக அந்த ஆண்டுகளைத்தான். மூன்று தலைமுறைச் சிறுமிகளின் மாலை நேரம் எசமானர் வீட்டு அடுக்களையில் போனது. அவர்களில் யார் எந்த விளையாட்டில் நாட்டுக்கு ஆடியிருப்பார்கள் என்று எந்தப் பதிவேடும் சொல்லாது. இத்தனைக்கும் நடுவே தப்பி வந்தவர்கள் உண்டு. குழந்தை இல்லத்தில் வளர்ந்து செவிலியரான ஃபெய்த் தாமஸ் 1958இல் ஆஸ்திரேலியாவுக்காக டெஸ்ட் கிரிக்கெட் ஆடினார். அந்த நாட்டின் டெஸ்ட் அணியில் ஆடிய முதல் பூர்வகுடிப் பெண் அவர். விராஜுரி இனத்தைச் சேர்ந்த இவோன் கூலகாங் 1971இல் விம்பிள்டன் வென்றார். இருவரையும் நாம் போற்றலாம். ஆனால் விதிவிலக்குகளை வைத்து விதியை மறைக்க முடியாது.

லா பெரூஸ்

மார்சியா 1963இல் பிறந்தார். அவர் வளர்ந்தது சிட்னியின் தென்பகுதியில், பாட்டனி விரிகுடாவின் கரையில் உள்ள லா பெரூஸ். 1770இல் ஜேம்ஸ் குக் கரையிறங்கியது இந்த விரிகுடாவில்தான். 1788 ஜனவரியில் பிரிட்டிஷ் கைதிகளின் கப்பல்கள் முதலில் வந்து நின்றதும் இங்கேதான். நகரம் வளர வளரப் பூர்வகுடிகள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லா பெரூஸ் அவர்களுக்கான ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. சிட்னிக்குள்ளேயே பூர்வகுடிகள் இடம்பெயராமல் பிடித்துக்கொண்டிருந்த இடம் என்று அதற்கொரு பெருமை உண்டு. நகரத்துக்குச் சேரி எப்படியோ, சிட்னிக்கு லா பெரூஸ் அப்படி.

எல்லா குடும்பத்தில் பன்னிரண்டு பிள்ளைகள். மார்சியாவின் அண்ணன்மார் மூவர், இரட்டையரான மார்க், க்ளென், அடுத்தவர் கேரி, மூவருமே ரக்பி யூனியனில் ஆஸ்திரேலிய அணிக்கு ஆடினார்கள். ரக்பி யூனியன் அந்த நாட்டில் பெரிய இடத்துத் தனியார் பள்ளிகளின் விளையாட்டு. இவர்கள் படித்ததோ மேட்ராவில் அரசு உயர்நிலைப் பள்ளி. 1982இல் மார்க் எல்லா தேசிய அணிக்குத் தலைவரானார். 1984 பிரிட்டன்-அயர்லாந்து சுற்றுப்பயணத்தில் நான்கு டெஸ்டிலும் ஆளுக்கொரு ட்ரை அடித்தார். அண்ணன்மாரைப் பற்றிப் புத்தகங்கள் வந்தன. தங்கையைப் பற்றி நாம் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. ஒடுக்கப்பட்டோர் வரலாற்றுக்குள்ளும் பெண்ணின் வரலாறு இன்னொரு மடிப்புக்குள் இருக்கிறது என்பது நமக்குப் புதிய செய்தியல்ல.

மார்சியா பிறந்த காலம் முக்கியமானது. அவருக்கு இரண்டு வயதாகும்போது, 1965 பிப்ரவரியில், சிட்னிப் பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு பேருந்தில் உள்நாட்டு ஊர்களுக்குப் போனார்கள். அவர்களில் முன்னின்றவர் பூர்வகுடி மாணவரும் கால்பந்து வீரருமான சார்லஸ் பெர்க்கின்ஸ். மோரி என்ற ஊரில் நகராட்சி நீச்சல் குளத்துக்குள் பூர்வகுடிப் பிள்ளைகளை விடுவதில்லை. மாணவர்கள் அந்தப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு குளத்துக்குப் போனார்கள். வாசலில் மறித்தார்கள், கூட்டம் கூடியது, முட்டையும் தக்காளியும் பறந்தன. 1927இல் மகத் நகரத்துச் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் எடுத்தவர்களின் வாரிசுகள் நாம். மோரி குளத்தின் கதையை நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

1967 மே மாதம் நடந்த பொது வாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கும் மேலானோர் ஆதரித்து, பூர்வகுடிகளை மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்கத் தடையாயிருந்த அரசியலமைப்புப் பிரிவு நீக்கப்பட்டது. 1969இல் நியூ சவுத் வேல்ஸ் வாரியம் கலைக்கப்பட்டது. அப்போது மார்சியாவுக்கு ஆறு வயது. அதாவது, அதிகாரி வந்து கூட்டிப்போவார் என்ற அச்சம் சட்டத்தளவில் நீங்கிய பிறகு பள்ளிப் பருவத்தைக் கழித்த தலைமுறை அவருடையது. 1986இல் தேசிய அணிக்கு ஒரு பூர்வகுடிப் பெண் வந்தது ஏன் என்ற கேள்விக்கும், அதற்கு முன் ஏன் வரவில்லை என்ற கேள்விக்கும் பெரும்பகுதி விடை இந்த ஆண்டுக் கணக்கில் இருக்கிறது. தனிமனிதத் திறமையும் உழைப்பும் பேச, அதற்கு முன்னே ஒரு சட்டம் சாக வேண்டியிருந்தது.

18 போட்டிகள்

1981 ஜனவரி 26இல் கான்பெராவில் ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனம் திறக்கப்பட்டது. அரசுச் செலவில் தங்குமிடம், பயிற்சியாளர், படிப்பு என்று எல்லாம் கொடுத்து வீரர்களை உருவாக்கும் இடம். தொடக்கத்தில் சேர்க்கப்பட்ட எட்டு விளையாட்டுகளில் வலைப்பந்தும் ஒன்று. அந்நிறுவனத்தில் உதவித்தொகை பெற்றுச் சேர்ந்த முதல் பூர்வகுடி விளையாட்டு வீரர் மார்சியா. ஆண், பெண் இருபாலரையும் சேர்த்தே இந்த ‘முதல்’.

ஜனவரி 26 என்ற தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். அது ஆஸ்திரேலியா நாள். 1788இல் பிரிட்டிஷ் கொடி ஏற்றப்பட்ட நாள். 1938இல் அதே நாளில் பூர்வகுடித் தலைவர்கள் சிட்னியில் கூடி அதைத் துக்க நாள் என்று அறிவித்தார்கள். அந்த நாளில் பிறந்த நிறுவனத்துக்குள் லா பெரூஸிலிருந்து ஒரு பெண் நுழைகிறார். அரசு ஒரு கதவைத் திறந்தபோது அவர் உள்ளே போனார். போனதால் அந்த நாளின் வரலாறு மாறிவிடவில்லை. அரசிடமிருந்து கல்வி உதவித்தொகை வாங்கிப் படித்து, அதே அரசை எதிர்த்துக் கோஷம் போடும் நம் மாணவர்களுக்கு இதில் முரண்பாடு தெரியாது. உரிமையை வாங்குவது சலுகைக்கு நன்றி சொல்வதாகாது.

1986இல் தேசிய அணிக்கு வந்தார். 1987இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் நடந்த உலகப் போட்டியில் ஆடினார். அந்த ஆண்டு நியூசிலாந்து வென்றது. ஆஸ்திரேலியாவும் டிரினிடாட்-டொபாகோவும் இரண்டாமிடத்தைப் பகிர்ந்துகொண்டன. மொத்தம் 18 சர்வதேசப் போட்டிகளோடு அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்தது. 1988இல் ஆர்டர் ஆஃப் ஆஸ்திரேலியா பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. குடியேற்றத்தின் 200ஆம் ஆண்டை நாடு கொண்டாடிய ஆண்டு அது. அந்த ஜனவரி 26இல் சிட்னித் தெருக்களில் பல்லாயிரம் பூர்வகுடிகளும் ஆதரவாளர்களும் எதிர்ப்பு ஊர்வலம் போனார்கள். ஒரே ஆண்டில் பதக்கமும் ஊர்வலமும்.

மைதானத்துக்கு வெளியே

ஆட்டம் நின்ற பின் அவர் எடுத்துக்கொண்ட வேலை இன்னும் கடினமானது. 1983இல் நியூ சவுத் வேல்ஸில் பூர்வகுடிகள் நில உரிமைச் சட்டம் நிறைவேறி, ஊர்தோறும் நில மன்றங்கள் உருவாயின. லா பெரூஸ் நில மன்றத்திலும் பூர்வகுடி நிர்வாக அமைப்புகளிலும் மார்சியா பொறுப்புகளில் இருந்தார். விளையாட்டில் கிடைத்த பெயரை ஊருக்குத் திருப்பிக் கொடுத்தார்.

அவற்றில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பூர்வகுடிச் சமூகங்களில் குழந்தைகள் மீதான பாலியல் வன்முறையை ஆராய நியூ சவுத் வேல்ஸ் அரசு அமைத்த குழுவுக்கு அவர் தலைவராக இருந்தார். 2006இல் அறிக்கை வந்தது. மௌனத்தை உடைத்து எதிர்காலத்தை உருவாக்குவது என்பது அதன் தலைப்பின் பொருள். இந்த வேலையின் சிக்கலை யோசித்துப் பாருங்கள். பூர்வகுடி ஆண்கள் காட்டுமிராண்டிகள், அவர்கள் பிள்ளைகளை அரசே எடுத்து வளர்க்க வேண்டும் என்ற பழைய வாதத்தை வைத்துத்தான் மூன்று தலைமுறைப் பிள்ளைகளைப் பறித்தார்கள். உள்ளே நடக்கும் வன்முறையைப் பேசினால் அந்த வாதத்துக்குத் தீனி போட்டதாகிவிடும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. பேசாமல் விட்டால் விலை கொடுப்பது குழந்தைகள். மார்சியா பேசும் பக்கம் நின்றார். சாதி ஆணவத்தை எதிர்க்கும்போதே தன் வீட்டு ஆணாதிக்கத்தையும் எதிர்க்க வேண்டும் என்று தலித் பெண்கள் இயக்கம் நம்மிடம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதும் இதைத்தான். நாம் அதை எவ்வளவு கேட்டோம் என்பதை இந்த அரங்கில் இருக்கும் ஆண் தோழர்கள் மனசாட்சியிடம் கேட்டுக்கொள்ளலாம்.

முப்பத்தாறு ஆண்டுகளில் மூவர்

இப்போது அந்த இடைவெளிக்கு வருகிறேன்.

மார்சியாவுக்குப் பின் தேசிய வலைப்பந்து அணிக்கு வந்த இரண்டாவது பூர்வகுடிப் பெண் ஷரன் ஃபினன்-வைட். அவர் ஆடியது 1990களில். 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் வலைப்பந்து முதன்முதலாகப் பதக்க விளையாட்டானபோது தங்கம் வென்ற அணியில் அவர் இருந்தார். அவருக்குப் பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒருவரும் இல்லை. மூன்றாவது பெண் டானெல் வாலம் வந்தது 2022இல். 1986 முதல் 2022 வரை 36 ஆண்டுகள், மூன்று பேர்.

இந்த இடைப்பட்ட காலத்தில் தடைச் சட்டம் எதுவும் இல்லை. வாரியம் இல்லை, அனுமதிச் சீட்டு இல்லை. கேத்தி ஃப்ரீமன் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தங்கம் வென்று பூர்வகுடிக் கொடியையும் ஏந்தி ஓடியதை உலகமே பார்த்தது. பூர்வகுடிச் சிறுமிகள் ஊர் ஊராக வலைப்பந்து ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் உள்ளூர் ஆட்டத்திலிருந்து தேசிய அணிக்குப் போகும் வழியில் கட்டணம், சீருடை, வாராவாரம் நீண்ட தூரப் பயணம், பெற்றோரின் கார், வார இறுதி விடுப்பு, தேர்வாளர்களின் பழக்கம் என்று ஒவ்வொரு படியிலும் ஒரு சல்லடை இருக்கிறது. ஒவ்வொரு சல்லடையும் தன்னளவில் நியாயமானதாகவே தோன்றும். யாரும் யாரையும் வெளியே போ என்று சொல்வதில்லை. கடைசியில் சல்லடையின் மேலே ஒரே நிறம் மட்டும் மிஞ்சும். ‘தகுதி’ என்ற சொல்லின் இந்த வேலையை நாம் நன்றாக அறிவோம்.

2020இல் ஒரு நிகழ்ச்சி நடந்தது. எட்டு அணிகள் கொண்ட ஆஸ்திரேலிய சூப்பர் நெட்பால் தொடரில் அந்த ஆண்டு இருந்த ஒரே பூர்வகுடி ஆட்டக்காரர் குயின்ஸ்லாந்து ஃபயர்பேர்ட்ஸ் அணியின் ஜெம்மா மி மி. பூர்வகுடிகளைக் கௌரவிக்கும் சிறப்புச் சுற்று வந்தது. அதற்கான விளம்பரங்களில் அவருடைய முகம் இருந்தது. பூர்வகுடி ஓவியங்கள் தீட்டிய சீருடைகளை எல்லோரும் அணிந்தார்கள். ஆட்டம் தொடங்கி முடியும் வரை ஜெம்மா பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு நிமிடம்கூடக் களத்தில் இறக்கப்படவில்லை. கண்டனம் எழுந்தது. முன்னாள் ஆட்டக்காரர்கள் பேசினார்கள். தன் வரலாற்றில் இருக்கும் குறையை ஒப்புக்கொண்டு வலைப்பந்து அமைப்புகள் கூட்டாக ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட்டன. அண்ணல் அம்பேத்கரின் படத்தை மேடையில் வைத்து மாலை போட்டுவிட்டு, மேடையில் ஒரு நாற்காலியைக்கூட நமக்குத் தராத விழாக்களுக்குப் போயிருக்கிறோம். எனவே அந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும்.

சட்டையில் ஒரு பெயர்

டானெல் வாலம் மேற்கு ஆஸ்திரேலியாவின் நூங்கர் இனத்தவர். இங்கிலாந்துக்குப் போய் லீட்ஸ் ரைனோஸ் அணிக்கு ஆடினார். 2022இல் மகப்பேறு விடுப்பில் போன ஓர் ஆட்டக்காரருக்குப் பதிலாக ஃபயர்பேர்ட்ஸ் அணிக்கு வந்து கோல் மழை பொழிந்தார். தேசிய அணிக்கு அழைப்பு வந்தது.

அதே சமயத்தில், கொரோனா காலத்து நஷ்டத்தில் இருந்த வலைப்பந்து வாரியம் ஹான்காக் ப்ராஸ்பெக்டிங் என்ற சுரங்க நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. நான்கு ஆண்டுகளுக்கு 1.5 கோடி ஆஸ்திரேலிய டாலர். நிறுவனத்தின் உரிமையாளர் ஜினா ரைன்ஹார்ட். அதை நிறுவியவர் அவருடைய தந்தை லாங் ஹான்காக். 1984இல் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்தில், கலப்பினப் பூர்வகுடிகள் குடிக்கும் தண்ணீரில் மருந்து கலந்து அவர்களை மலடாக்கிவிட்டால் காலப்போக்கில் அந்த இனமே இல்லாமல் போய்விடும் என்று சொன்னவர் இந்த மனிதர். அவர் இறந்தது 1992இல். மகள் அந்தப் பேச்சைப் பகிரங்கமாகக் கண்டிக்கவில்லை.

அந்தப் பெயர் பொறித்த சட்டையை அணிந்துதான் டானெல் தன் முதல் போட்டியை ஆட வேண்டும். தனக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்று அவர் கேட்டார். சக ஆட்டக்காரர்கள் அவரோடு நின்றார்கள். நெருக்கடி அவர் ஒருவர் தலையில் இறங்கியது. வாரியம் கடனில் மூழ்குகிறது, எல்லோருடைய சம்பளமும் ஆபத்தில் இருக்கிறது, ஒரு பெண்ணின் பிடிவாதத்தால் கோடிகள் போகப்போகின்றன என்று பேச்சு எழுந்தது. 2022 அக்டோபர் 22இல் நிறுவனம் ஒப்பந்தத்திலிருந்து விலகியது. விளையாட்டு அமைப்புகளைச் சமூக, அரசியல் நோக்கங்களுக்கான கருவியாக்கத் தேவையில்லை என்ற கருத்தையும் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனது. இனத்தை மலடாக்கச் சொன்னவரின் பெயரைச் சட்டையில் ஒட்டுவது அரசியல் இல்லையாம். அதைப் போடமாட்டேன் என்பது அரசியலாம்.

நான்கு நாள் கழித்து, அக்டோபர் 26இல், நியூகாசிலில் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டம். கடைசிக் கால்பகுதியில் டானெல் களமிறங்கினார். வெற்றிக்கான கடைசி கோலை அவரே போட்டார். ஆஸ்திரேலியா ஒரே கோல் வித்தியாசத்தில் வென்றது. சில நாட்களில் விக்டோரியா மாகாணத்தின் சுற்றுலா அமைப்பு அதே அளவு தொகையோடு முன்வந்தது. போகும் என்று பயமுறுத்திய பணம் வேறு வழியில் வந்து சேர்ந்தது.

இதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. மார்சியாவுக்குப் பின் 36 ஆண்டுகளில் முப்பது பேர் வந்திருந்தால், அந்த அணியில் டானெல் தனியாக நின்றிருக்க மாட்டார். சட்டையைப் பற்றிய கேள்வியை ஐந்தாறு பேர் சேர்ந்து கேட்டிருப்பார்கள். ஏன், ஒப்பந்தம் போடும் மேசையிலேயே யாராவது கேட்டிருப்பார்கள். முதலாமவருக்கும் மூன்றாமவருக்கும் நடுவிலிருந்த வெற்றிடத்தின் சுமையைத்தான் அந்தப் பெண் தன் முதல் போட்டியில் தோளில் சுமந்தார்.

நம் கணக்கு

பாலுவிடம் திரும்பி வருகிறேன். 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணியில் 100 விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தவர். சாம்பார் சாதியில் பிறந்ததால் மண் குவளையில் தனியே தேநீர் கொடுக்கப்பட்டவர். அணித் தலைமை கடைசிவரை அவருக்குக் கொடுக்கப்படவில்லை. அவருடைய தம்பி விட்டலுக்கு 1923இல் கிடைத்தது. பாலுவின் கதையை நாம் நூறு முறை சொல்லியிருக்கிறோம். விட்டலுக்குப் பின் என்ன ஆனது என்பதை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்?

2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி அரையிறுதியில் தோற்ற அன்று, வந்தனா கட்டாரியாவின் ஹரித்வார் வீட்டு வாசலில் சிலர் பட்டாசு வெடித்துச் சாதியைச் சொல்லி வசைபாடினார்கள். அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் தோற்றது என்பது அவர்களின் கண்டுபிடிப்பு. சில நாட்களுக்கு முன்தான் அவர் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்திருந்தார். ஒலிம்பிக் ஹாக்கியில் அதைச் செய்த முதல் இந்தியப் பெண் அவர். சாதி வெறியருக்கும் எண்ணிக்கையின் அருமை தெரிகிறது பாருங்கள். அவர்களை உறுத்துவது முதலாமவர் அல்ல. இன்னும் பலர் வந்துவிடுவார்களோ என்பதுதான்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை கொடுத்து முடிக்கிறேன். உங்கள் கல்லூரியில், மாவட்டத்தில் எந்த விளையாட்டை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். கபடி, கால்பந்து, கைப்பந்து, வலைப்பந்து, எதுவானாலும் சரி. நம் சமூகத்திலிருந்து அணிக்கு முதலில் வந்தவர் யார் என்று எழுதுங்கள். அதோடு நிறுத்தாமல் இரண்டாமவர் எந்த ஆண்டு வந்தார், பெண்களில் யார், எந்தப் படியில் எத்தனை பேர் நின்றுபோனார்கள், நிறுத்தியது பேருந்துக் கட்டணமா, காலணியா, பயிற்சியாளரா, வீட்டாரா என்று கேட்டு எழுதுங்கள். ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்குப் போய், மாலை ஐந்து மணிக்குப் பிள்ளைகள் ஆட இடமிருக்கிறதா, பெண் பிள்ளைகள் விடுதியில் ஒரு பந்தாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மனு எழுதுங்கள். அந்த மனுவின் நகலும் வரலாற்று ஆவணம்தான்.

லா பெரூஸ் கடற்கரையிலிருந்து கிளம்பிய ஒரு பெண் 18 போட்டிகளில் ஆடினார். பிறகு ஊருக்குத் திரும்பி, நிலத்துக்கும் குழந்தைகளுக்கும் வேலை செய்தார். முதலாமவராக இருந்ததை அவர் முடிவாக எடுத்துக்கொள்ளவில்லை. நாமும் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஜெய்பீம்.